மெஷினுக்குக் கொட்டாவி வருமா?

“மாமா, செயற்கை நுண்ணறிவுக்குத் தூக்கம் வேணுமா?” என்று கேட்டாயே, சபாஷ்! திருமங்கலத்துப் பிள்ளை கேட்டால் கேள்வி இப்படித்தான் இருக்கும்.

மெஷினுக்குக் கை கால் வலிக்காது. அப்புறம் தூக்கம் எதற்கு?

பொறு கண்ணு. நாம் தூங்குவது களைப்பு தீர மட்டும் இல்லை. 1994-இல் வில்சன், மெக்நாட்டன் என்ற அறிஞர்கள் அமெரிக்காவில் எலியின் மூளையைக் கவனித்தார்கள். எலி ஓடியபோது சேர்ந்து துடித்த செல்கள், அது தூங்கும்போதும் சேர்ந்தே துடித்தன. பகலில் நடந்ததை மூளை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது!

மெஷினுக்கு அது எதற்கு? உன் வகுப்புக் கரும்பலகையை நினைத்துக்கொள். கணக்கு சார் எழுதிவிட்டுப் போகிறார். மணி அடிக்கிறது. தமிழ் டீச்சர் வந்து அதன் மேலேயே எழுதுகிறார். கணக்கு என்ன ஆகும்? போச்சு!

மூளை செல்களைப் போல இணைத்துக் கணினியில் அமைத்த நரம்பு வலையிலும் இதே கூத்துதான். மல்லி எது, பிச்சி எது என்று பழக்கு. பிறகு ரோஜாவையும் செவ்வந்தியையும் மட்டுமே காட்டிக்கொண்டிரு. திரும்ப மல்லியை நீட்டினால் திருதிருவென்று முழிக்கும். ஏனென்றால், எல்லாப் பாடமும் அதே இணைப்புகளில்தான் பதிகிறது. புரிகிறதா?

2020-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில், மூளையைப் பார்த்து அமைத்த ஒரு வலை இடைவிடாமல் கற்றுக் கற்றுத் தடுமாறிப்போனது. அதற்குத் தூக்கம் மாதிரி, அர்த்தமில்லாத இரைச்சலை உள்ளே அனுப்பினார்கள். நிதானத்துக்கு வந்தது!

2022-இல் சான் டியாகோவில் மாக்சிம் பஷெனோவ் குழு இன்னும் அழகாகச் செய்தது. பாடம் முடிந்ததும் வலைக்குப் படம் காட்டுவதை நிறுத்தினார்கள். தாறுமாறான சின்னத் துடிப்புகளை மட்டும் கொடுத்தார்கள். சேர்ந்து துடித்த செல்களுக்கு இடையிலான இணைப்பு வலுத்தது. தொலைந்தே போனதாக நினைத்த பழைய பாடத்தில் ஒரு பங்கு திரும்பி வந்தது! எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

சரி, அப்பா போனில் இருக்கும் சாட்ஜிபிடி தூங்குமா? தூங்காது. நீ பேசப் பேச அதன் இணைப்புகள் மாறுவதில்லை. அதன் படிப்பு முன்பே முடிந்துவிட்டது. தினமும் புதிதாகக் கற்கும் இயந்திரத்துக்குத்தான் தூக்கம் மாதிரி ஒன்று தேவைப்படலாம்.

“பழைய பாடத்தையும் கலந்து கலந்து நடத்தினால் மறக்காதே?” என்கிறாயா? கெட்டிக்காரி! அதுவும் நடக்கும். ஆனால் பழைய படங்களை எல்லாம் சேர்த்து வைத்திருக்க வேண்டும். பஷெனோவ் குழுவின் வலைக்கு, ‘தூங்கும்’போது அந்தப் படங்களில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.