'சார்'னு கூப்பிட்டா சந்தோஷப்படாதீங்க!

கேம்பஸ் இன்டர்வியூல செலக்ட் ஆகி, ட்ரெயினிங் முடிச்சு, ஐ.டி. கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு கம்பெனிக்குள்ள நுழையறீங்க. 'இன்னியிலேர்ந்து இந்த லைன் உங்க பொறுப்பு'ன்னு சொல்லிட்டு மேனேஜர் போயிடறார். எதிரே 14 பேர். அதுல பாதிப் பேருக்கு உங்க அப்பா வயசு. நாலு வருஷப் படிப்புல இவங்களை எப்படி வேலை வாங்கறதுன்னு ஒரு சாப்டர்கூட இல்லை. என்ன செய்வீங்க?

நான் என்ன செஞ்சேன்னு சொல்றேன். தயவுசெஞ்சு அதை மட்டும் நீங்க செஞ்சுடாதீங்க!

ஒரு 'தம்பி' காணாமப் போன கதை

கோவைப் பக்கம் வால்வு பாகங்கள் கடையற கம்பெனி அது. எனக்கு வயசு 22. என் லைன்ல சி.என்.சி. மெஷின் ஓட்டற சீனியர் ஒருத்தர் இருந்தார். 25 வருஷ சர்வீஸ். மெஷின் சத்தத்தை வெச்சே டூல் தேஞ்சிருச்சான்னு சொல்லிடுவார். சேர்ந்த நாளிலேர்ந்து நான் அவரை 'அண்ணே'ன்னு கூப்பிடுவேன். அவர் என்னை 'தம்பி'ம்பார்.

மூணாவது வாரம், செகண்ட் ஷிஃப்ட். ஆரம்பத்துலயே வந்தார். "தம்பி, காஸ்டிங் லாட் மாறியிருக்குதுங்க. இது கெட்டியா இருக்குது, டூல் சீக்கிரம் தேயுது. அஞ்சு பீஸுக்கு ஒருக்கா கேஜ் போட்டுப் பார்த்துக்கலாமா? எண்ணிக்கை கொஞ்சம் குறையும்" என்றார்.

மறுநாள் காலையில டெஸ்பாட்ச். என் மண்டைக்குள்ள டார்கெட் மட்டும்தான் ஓடிச்சு. "பத்துக்கு ஒண்ணு பார்த்தா போதும்ணே. முதல்ல எண்ணிக்கையை முடிங்க" என்றேன். முகத்தைக்கூட நிமிர்த்திப் பார்க்கலை.

எட்டு மணிக்குமேல 9 பீஸ் மாட்டிக்கிச்சு. துளைக்குள்ள கேஜ் நுழையவே இல்லை. அத்தனையும் மறுபடி கடையணும். எனக்கு வந்ததே கோபம்! எல்லார் முன்னாடியும் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "இத்தனை வருஷ சர்வீஸுக்கு அளவு பார்க்கத் தெரியாதா?"ன்னு கத்திட்டேன்.

அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. "சரிங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி 'சார்' என்ற வார்த்தை எனக்குக் கொஞ்சம் கெத்தாகூட இருந்துச்சு! ரெண்டே நாள்தான். பக்கத்து மெஷின்ல கூலன்ட் தீர்ந்து, அரை மணி நேரம் மெஷின் நின்னு போச்சு. "குறையறது தெரியலையா?"ன்னு கேட்டா, "பார்த்தோம். நீங்க ஊத்தச் சொல்லலையே சார்"னு பதில் வருது. 14 பேரும் சொன்னதை மட்டும் செஞ்சாங்க. சொல்லாத எதையும் செய்யலை. ஒரு சூப்பர்வைசருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது!

1940-கள்லயே சொல்லிட்டாங்க!

இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லைன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. இரண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்க ஆலைகள்ல உற்பத்தி எகிறிச்சு. அனுபவசாலிகள் பலர் ராணுவத்துக்குப் போக, புதுசா ஆட்கள் வந்து குவிஞ்சாங்க. அவங்களை மேய்க்க அனுபவமுள்ள சூப்பர்வைசர்கள் போதலை. அதனால 1940-ல 'ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி'ன்னு ஒரு திட்டம் தொடங்கினாங்க. ஒரு கோர்ஸுக்குப் பத்தே மணி நேரம். முடிச்சவங்க கையில பாக்கெட்டுக்குள்ள அடங்கற ஒரு அட்டை. 1945-ல திட்டம் முடியறதுக்குள்ள 16 லட்சம் பேருக்குமேல சான்றிதழ் வாங்கிட்டாங்க. போருக்கு அப்புறம் ஜப்பானுக்குப் போய், டொயோட்டா வரைக்கும் இந்தப் பாடம் பரவிச்சு.

அதுல ஆட்களோடு பழகறதுக்குன்னே ஒரு கோர்ஸ் உண்டு. பிரச்னைன்னு வந்தா நாலு படி: முதல்ல முழு விவரத்தையும் திரட்டணும், சம்பந்தப்பட்டவங்க மனசுல என்ன இருக்குங்கறது உள்பட. அடுத்து எடைபோட்டு முடிவெடுக்கணும். மூணாவதா செயல்ல இறங்கணும். கடைசியா, பலன் கிடைச்சுதான்னு திரும்பப் பார்க்கணும்.

நான் என்ன பண்ணினேன்? நேரா மூணாவது படிக்குத் தாவிட்டேன். விவரம் என் காலடிக்கே நடந்து வந்துச்சு. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்!

அந்த கோர்ஸ் இன்னும் நாலு பழக்கங்களையும் சொல்லுது. வேலை எப்படிப் போகுதுன்னு ஒவ்வொருத்தருக்கும் சொல்லிடுங்க. நல்லா செஞ்சா உடனே பாராட்டுங்க. அவங்களைப் பாதிக்கற மாற்றம் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லுங்க. யாருக்கு என்ன திறமையோ அதை முழுசாப் பயன்படுத்திக்குங்க. ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்லை. ஆனா டார்கெட் நெருக்கும்போது முதல்ல மறக்கறது இதைத்தான்.

தப்பு என்னுதுன்னா..?

நாலாவது நாள். ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லாரும் கூடி நிப்பாங்க. திட்டினது எல்லார் முன்னாடியும்தானே? தனியாக் கூப்பிட்டு 'ஸாரி' சொன்னா கணக்கு நேராகாது. "அன்னிக்கு அண்ணன் முதல்லயே எச்சரிச்சார். நான்தான் கேட்கலை. தப்பு என்னுது. இனிமே இந்த லாட்டுக்கு அஞ்சு பீஸுக்கு ஒருக்கா அளவு பார்ப்போம். எண்ணிக்கை குறைஞ்சா மேனேஜர்கிட்ட நான் பதில் சொல்லிக்கறேன்" என்றேன். கால் நடுங்கினது உண்மை.

யாரும் கை தட்டலை. அண்ணனும் ஒண்ணும் சொல்லாம மெஷினுக்குப் போயிட்டார். அன்னிக்குக் குறைஞ்ச எண்ணிக்கைக்கு மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை. ஆனா ஒரு பீஸ்கூடத் திரும்பி வரலை.

இப்பவே பழகலாம் பாஸ்!

வேலைக்குப் போனதும் கத்துக்கலாம்னு விட்டுடாதீங்க. சிம்போசியம் கமிட்டி, என்.எஸ்.எஸ். கேம்ப், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்... எல்லாமே ஒத்திகைதான். ப்ராஜெக்ட்ல ஒருத்தன் வேலையை முடிக்கலைன்னா, 'இவன் வேஸ்ட்டு'ன்னு க்ரூப்புக்கே சொல்றதுக்கு முன்னாடி, தனியா ஒரு டீ வாங்கிக்கொடுத்துக் கேளுங்க. அவனுக்கு அந்தப் பகுதி புரியாமலேகூட இருக்கலாம். கடுப்புல அவன் பங்கையும் நீங்களே ராத்திரி முழுக்க உக்காந்து முடிக்கறதும் தப்பு. நாளைக்கு 14 மெஷினையும் நீங்களே ஓட்ட முடியாது!

இன்னிவரைக்கும் உங்க மார்க், உங்க உழைப்பு. சூப்பர்வைசர் ஆனதும் உங்க மார்க்கை மத்தவங்கதான் வாங்கித்தரணும். அவங்க வாயைத் திறக்கற மாதிரி வெச்சுக்கறதுதான் உங்க முதல் வேலை.

அப்புறம் அண்ணன் என்ன ஆனார்னு கேட்கறீங்களா? ஒரு மாசத்துக்கு 'சார்'தான். ஒருநாள் மெஷின்கிட்டேயிருந்து கை காட்டிக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வாங்க. இந்தச் சத்தத்தைக் கேளுங்க" என்றார்.

சம்பளம் ஏறின அன்னிக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை!