கிரிக்கெட் பேனல் ஷோ: அலசலா, வெறும் அரட்டையா?

2024 ஜூன் 29. டி20 உலகக் கோப்பை இறுதிப்போட்டி. 177 ரன் இலக்கைத் துரத்திய தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் தேவை. கையில் 6 விக்கெட். 15-வது ஓவரில் மட்டும் 24 ரன் வெளுத்திருந்தார்கள். மேட்ச் கைவிட்டுப் போச்சு என்று பலர் டிவியை அணைத்திருப்பார்கள்.

ஆனால் அடுத்த 4 ஓவர்களில் அந்த அணி எடுத்தது வெறும் 14 ரன். இந்தியா 7 ரன் வித்தியாசத்தில் கோப்பையைத் தூக்கியது.

எப்படி? கேட்டால் பெரும்பாலானோர் சொல்வது சூர்யகுமார் பிடித்த அந்த பவுண்டரி கேட்ச்சைத்தான். 17-வது ஓவருக்கு முன்பு ரிஷப் பந்த் முழங்காலில் டேப் சுற்றச் சொல்லி ஆட்டத்தை நிறுத்தினார். எதிரணியின் வேகத்தைத் தடுக்கப் போட்ட பிளான் அது. இந்த விஷயம் பரவலாகத் தெரிந்ததே சில மாதம் கழித்து, கபில் சர்மாவின் காமெடி ஷோவில் ரோஹித் சர்மா சொன்ன பிறகுதான்.

பந்த் மனதில் என்ன இருந்தது என்று அன்றிரவு பேனலில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் இப்படி ஒரு பிரேக் ஏன் முக்கியம், பும்ராவை 16, 18 என்று எந்த ஓவரில் கொண்டுவந்தார்கள் என்பதையெல்லாம் விளக்குவதற்குத்தானே பேனல்? அந்த விளக்கம் நம் டிவியில் எவ்வளவு கிடைக்கிறது?

பேனலில் என்ன பேசுகிறார்கள்?

"இன்டென்ட் இல்ல." "ப்ரெஷரை ஹேண்டில் பண்ணத் தெரியணும்." "பெரிய பிளேயர் பெரிய மேட்ச்ல நின்னு ஆடணும்." ஐ.பி.எல். சீசனில் தினமும் காதில் விழும் வசனங்கள் இவை. தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் நேற்றைய மேட்ச்சுக்கும் பொருந்தும், நாளைய மேட்ச்சுக்கும் பொருந்தும். ஒரு மேட்ச்சையும் விளக்காது.

பேசுபவர்களுக்கு விஷயம் தெரியாதா என்றால், அதுவும் இல்லை. பலரும் இந்தியாவுக்கோ, ரஞ்சியிலோ வருடக்கணக்கில் ஆடியவர்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

நேரம் எங்கே போகிறது?

ஐ.பி.எல். ஸ்ட்ராட்டஜிக் டைம்அவுட் இரண்டரை நிமிடம். அதில் விளம்பரமும் ஓட வேண்டும். இன்னிங்ஸ் இடைவேளையையும் விளம்பரம், புரோமோ, ஹைலைட்ஸ் பங்கு போட்டுக்கொள்கின்றன. மிச்ச நேரத்தை மூன்று நான்கு பேர் பிரித்துக்கொண்டால், ஒருவருக்குக் கிடைப்பது ஒரு பஞ்ச் டயலாக் அளவுதான்.

பின்னணியில் பெரிய கணக்கு இருக்கிறது. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 2022 ஏலத்தில் ரூ.48,390 கோடிக்குப் போனது. 410 போட்டிகள் என்ற கணக்கில், ஒரு மேட்ச்சுக்கு சராசரியாக ரூ.118 கோடி. இவ்வளவு பணம் போட்டவர்களுக்கு ரசிகர் சேனலை மாற்றாமல் இருக்க வேண்டும். ஃபீல்டிங் செட்டப்பை இரண்டு நிமிடம் விளக்குவதைவிட, "தோனியா, கோலியா?" என்று ஒரு சண்டை மூட்டுவது சுலபம். அது ரீல்ஸாகவும் ஓடும்.

விமர்சித்தால் என்ன ஆகும்?

இந்தியாவில் நடக்கும் சர்வதேசப் போட்டிகளில் வர்ணனையாளர்கள் யார் என்பதில் பி.சி.சி.ஐ.யின் கை நீண்ட காலமாகவே ஓங்கியிருக்கிறது. 2013-ல் ஆஸ்திரேலிய அணி இங்கே வந்தபோது, முன்னாள் கேப்டன் இயன் சேப்பல் வர்ணனை வாய்ப்பை மறுத்தார். அணித் தேர்வு, டி.ஆர்.எஸ்., வாரிய நிர்வாகம் பற்றிப் பேசக்கூடாது என்று நிபந்தனை வைத்ததே காரணம் என்றார்.

2016-ல் ஹர்ஷா போக்ளே ஐ.பி.எல். வர்ணனையிலிருந்து நீக்கப்பட்டார். ஏன் என்று தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார். ஜடேஜாவை 2019 உலகக் கோப்பையின்போது விமர்சித்து சர்ச்சையில் சிக்கிய சஞ்சய் மஞ்ச்ரேக்கர், 2020-ல் பி.சி.சி.ஐ. பேனலில் இடம் இழந்தார். அதற்கும் அதிகாரபூர்வ விளக்கம் வரவில்லை.

காரணம் சொல்லாமல் ஒருவரைத் தூக்கும்போது, மிச்சம் இருப்பவர்கள் எது பேசலாம், எது கூடாது என்று தாங்களே கோடு போட்டுக்கொள்வார்கள். அணித் தேர்வு பற்றிய கேள்வியில் "மேனேஜ்மென்ட்டுக்குத் தெரியும்" என்ற பதில் ஏன் அடிக்கடி வருகிறது என்று இப்போது புரிகிறதா?

யூடியூப் பக்கம் போனால்?

அங்கேயும் முழு சுதந்திரம் இல்லை. 2025 ஏப்ரலில் அஸ்வினின் யூடியூப் சேனலில் பங்கேற்ற ஒரு பகுப்பாய்வாளர், சி.எஸ்.கே. அணியில் நூர் அகமதுவுக்கு இடம் தேவையா என்று கேள்வி எழுப்பினார். அஸ்வின் அப்போது அதே அணியின் வீரர். சர்ச்சை வெடித்ததும், அந்த சீசனில் சி.எஸ்.கே. போட்டிகளை இனி அலசப்போவதில்லை என்று சேனல் அறிவித்தது. ரசிகர்களின் கோபமும் ஒரு சென்சார்தான்.

தமிழ் பேனல்களிடம் என்ன எதிர்பார்க்கலாம்?

2017-ல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் தொடங்கியபோது, கிரிக்கெட்டை நம்ம மொழியில் கேட்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது. ஸ்ரீகாந்த், பத்ரிநாத், ஹேமங் பதானி, அபினவ் முகுந்த் என்று உள்ளூர் கிரிக்கெட்டை உள்ளிருந்து பார்த்தவர்கள் மைக் பிடித்தார்கள்.

டி.என்.பி.எல். வழியாக வந்த சாய் சுதர்சன் 2025 ஐ.பி.எல்.-லில் 759 ரன் குவித்து ஆரஞ்சு கேப் வாங்கினார். அவருடைய பேட்டிங் எப்படி வளர்ந்தது என்பதை இவர்களைவிட நன்றாக விளக்கக்கூடியவர்கள் குறைவு. "நம்ம பையன் கலக்கிட்டான்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் இழப்பு பார்க்கிறவர்களுக்குத்தான். நத்தத்திலோ சங்கர் நகரிலோ கோச் இல்லாமல் பந்து போடும் ஒரு பையனுக்கு, தன் மொழியில் கிடைக்கும் ஒரே பாடம் அந்த இருபது நிமிடமாக இருக்கலாம்.

முடியாத காரியமும் இல்லை. இங்கிலாந்தில் ஸ்கை ஸ்போர்ட்ஸின் 'மண்டே நைட் ஃபுட்பால்' நிகழ்ச்சியில் கேரி நெவிலும் ஜேமி கராகரும் பெரிய திரையில் ஆட்டத்தை நிறுத்தி, யார் எங்கே நின்றார், எங்கே நின்றிருக்க வேண்டும் என்று காட்டுகிறார்கள். ஒருவர் மான்செஸ்டர் யுனைடெட், இன்னொருவர் லிவர்பூல். கிண்டலும் உண்டு, சண்டையும் உண்டு. ஆனால் சண்டை திரையில் தெரியும் ஆட்டத்தைப் பற்றியது.

நல்ல பேனலை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த மேட்ச்சில் மூன்று விஷயத்தை கவனியுங்கள்.

* பேசும் வசனத்தை அப்படியே வேறொரு மேட்ச்சுக்குத் தூக்கிவைக்க முடியுமா? முடிந்தால் அது அலசல் இல்லை.
* ரீப்ளேவை நிறுத்தி எதையாவது காட்டுகிறார்களா, அல்லது படம் ஒருபக்கம், பேச்சு ஒருபக்கம் ஓடுகிறதா?
* தோற்ற அணியின் எந்த முடிவு தவறு என்று ஒருவராவது பெயர் சொல்லிப் பேசுகிறாரா?

மூன்றுக்கும் பதில் சரியில்லை என்றால் ரிமோட் உங்கள் கையில்தான் இருக்கிறது. எந்த நிகழ்ச்சியில் ரசிகர்கள் தங்குகிறார்கள், எப்போது நகர்கிறார்கள் என்பதை சேனல்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.