பெயரில் இருக்கும் தோட்டம்

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் பக்கம் காரில் போகும்போது தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். ‘இன்ன தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்று எழுதியிருக்கும். சில இடங்களில் எட்டிப் பார்த்தால் ஒரு பால்மரம்கூட இருக்காது. ஒரு பக்கம் தாமான் வீடுகள், இன்னொரு பக்கம் டயர் கடை. தோட்டம் கைமாறியது, லயத்து வீடுகள் காலியாயின, சனம் பட்டணத்துக்குப் போனது. பள்ளியும் பின்னாலேயே புறப்பட்டுப் போய் வேறொரு நிலத்தில் புதுக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டது. பெயரை மட்டும் விடவில்லை.

அப்படி இடம் மாறிய பள்ளி ஒன்றில்தான் என் அக்கா மகள் நான்காம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: “மாமா, என் மூளையை எடுத்துட்டு அந்த இடத்துல கம்ப்யூட்டர் வெச்சா, அப்புறம் இருக்கிறது நானா, வேற ஆளா?”

“நீ படிக்கிற பள்ளிக்கூடமும் பாட்டி படிச்ச பள்ளிக்கூடமும் ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான்!” என்றாள் உடனே.

பாட்டி உட்கார்ந்த பெஞ்சு இல்லை. அந்தத் தகரக் கூரை இல்லை. அந்த வாத்தியார்கள் இல்லை. மாணவர்களோ ஆறு ஆண்டில் ஒருவர் மிச்சமில்லாமல் மாறிவிடுகிறார்கள். ஆனாலும் அதே பள்ளி என்கிறோம். எதை வைத்து?

நம் உடம்பும் ஏறக்குறைய இந்தக் கதைதான். ரத்தத்தில் ஓடும் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் இருக்கும், பிறகு புதியது வரும். குடலின் உட்பக்கத் தோல் ஐந்தாறு நாளில் மாறிவிடும். போன மாதம் நாசி லெமாக்கைச் செரித்த குடல்தோல் இன்றைக்கு உங்களிடம் இல்லை. அதற்காக யாரும் அழுவதில்லை.

மூளையோ வேறு மாதிரி. அதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் துப்பறியும் கதை. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் ‘கார்பன் 14’ என்ற கதிர்வீச்சுக் கார்பன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1963இல் அத்தகைய சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வந்த பிறகு அது ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தது. காற்றில் இருப்பதைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடியை நாம் சாப்பிடுகிறோம். ஓர் உயிரணு பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் அந்த ஆண்டின் கார்பன் பதிந்துவிடும், தபால் முத்திரை மாதிரி. சுவீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் யோனாஸ் ஃப்ரிசென் குழுவினர் அந்த முத்திரையைப் படித்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். மூளையின் மேலுறையில் உள்ள நரம்பணுக்கள் அந்த மனிதருக்குச் சமவயது! பாட்டிக்கு 75 வயது என்றால் அவையும் 75. குண்டு செய்தவர்கள் இப்படி ஒரு பயன் வரும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் ‘நான்’ என்பது மாறாத அந்த நரம்பணுக்களா? அவசரப்படாதீர்கள். நரம்பணு பழையதுதான். அதற்குள் இருக்கும் பெரும்பாலான புரதங்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் தேய்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கின்றன. வீடு அதே வீடு, பலகைகள் மட்டும் ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன.

பழைய பொருள் அப்படியே இருந்தால் மட்டும் போதுமா? ஜெராய் மலை அடிவாரத்தில் மெர்போக் தொல்பொருள் காட்சியகத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அங்கே புக்கிட் பத்து பகாட் கோயில் இருக்கிறது. 1959-60இல் அலஸ்டெர் லேம்ப் என்ற ஆய்வாளர் அதன் கற்களைச் சேர்த்து, அது இருந்த இடத்திலேயே மறுபடி அமைத்தார். பெங்காலான் பூஜாங் கோயில் அப்படியல்ல. அதை அது இருந்த கிராமத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து காட்சியக வளாகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டிலும் பழைய கல் இருக்கிறது, ஆனால் மணி அடிப்பதில்லை, விளக்கு எரிவதில்லை. பள்ளியிலோ பழைய கல் ஒன்றுகூட இல்லை, ஆனால் காலை ஏழரைக்கு மணி அடிக்கிறது. என்னைக் கேட்டால் ‘நான்’ என்பது கோயில் கல்லைவிட அந்தப் பள்ளி மணிக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

அப்படிப் பார்த்தால் இயந்திரம் வந்தால்தான் என்ன? காது கேட்காத குழந்தைகள் பலருக்கு உள்காதுக் கருவி பொருத்துகிறார்கள். காதுக்குள் சுமார் 15,000 நுண்மயிர் அணுக்கள் செய்யும் வேலையை அதில் பெரும்பாலும் 22 மின்முனைகளோ அதற்குக் குறைவோ செய்கின்றன. பெரியவர்களுக்குப் பொருத்தினால் ஆரம்பத்தில் பேச்செல்லாம் ரோபோ பேசுவதுபோல் இருக்கிறது என்பார்கள், போகப் போக மூளை பழகிக்கொள்ளும். அவர்களை யாரும் வேறு ஆள் என்பதில்லை.

1988இல் ஹான்ஸ் மொராவெக் என்ற ரோபோ விஞ்ஞானி ஒரு கற்பனை செய்தார். விழித்திருக்கும் ஒருவரின் மூளையை ஓர் இயந்திர மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒவ்வொரு துண்டின் வேலையையும் கணினிக்கு மாற்றிக்கொண்டே போகிறார். அந்த ஆள் பேசிக்கொண்டே இருக்கிறார். எந்த நொடியிலும் “ஐயோ, நான் போய்விட்டேன்” என்று சொல்லவில்லை.

கற்பனைதான். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள், அதாவது 86 பில்லியன். நொடிக்கு ஒன்று வீதம் மாற்றினால் 2,700 ஆண்டுக்கு மேல் ஆகும். ராஜேந்திர சோழன் கடாரத்தின்மேல் படையெடுத்தே 1,000 ஆண்டுதான் ஆகிறது! வேகமாக மாற்றலாம் என்றாலும், எதை வைத்து மாற்றுவது? கூலிமில் சில்லுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, ஒரு நரம்பணுவின் எல்லா வேலையையும் செய்யும் சில்லு எங்குமே இல்லை. 302 நரம்பணுக்களே உள்ள ஒரு குட்டிப் புழுவின் இணைப்புப் படம் 1986இலேயே வெளிவந்துவிட்டது. அந்தப் புழுவையே இன்றுவரை கணினிக்குள் முழுசாக வாழவைக்க முடியவில்லை.

மூளையை மாற்றாமல் நகல் எடுத்தால்? இதற்குப் பதில் பாட்டிக்குத் தெரியும், பால் வெட்டியவர் அல்லவா! நன்றாகப் பால் தரும் மரத்தின் மொட்டை அதன் பட்டையோடு பெயர்த்து, வேறொரு கன்றின் தண்டில் ஒட்டவைப்பார்கள். ஒட்டியதும் கன்றின் மேல்பாகத்தை வெட்டிவிடுவார்கள். வேர் ஒருவருடையது, மரம் இன்னொருவருடையது. ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ என்ற ரகம் இப்படித்தான் நாடு நாடாகப் பரவியது. அத்தனை மரங்களும் ஒரே தாய்மரத்தின் நகல்கள். ஆனால் பீடோங்கில் ஒரு மரத்தில் இடி விழுந்தால் பாலிங்கில் இருக்கும் மரம் கருகாது. உன் மூளையை நகல் எடுத்து இயந்திரத்தில் வைத்தால், அது உன்னைப் போலவே சிரிக்கலாம், உன் ரகசியங்களைச் சொல்லலாம். உனக்குப் பல்வலி வந்தால் அதற்கு வலிக்காது. நகலுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். மெதுவாக, ஓட்டம் நிற்காமல் மாற்றுவதாக இருந்தால் யோசிப்பேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்து, ஜெயித்துவிட்ட நினைப்பில் தே தாரேக்கை எடுத்தேன்.

“ஏன் மாமா மெதுவா?” என்றாள்.

“மெதுவா மாத்துனாத்தான் அதே ஆளா இருக்க முடியும். உன் பள்ளிக்கூடம் மாதிரி.”

“எங்க பள்ளிக்கூடம் ஒரே நாள்ல புதுக் கட்டடத்துக்குப் போச்சுன்னு பாட்டி சொன்னாங்களே.”

“கட்டடம் மாறுச்சு. டீச்சரும் பிள்ளைங்களும் அவங்களேதானே?”

“அவங்களும் ஒரே நாள்ல மாறியிருந்தா?”

“அப்படின்னா... அது வேற பள்ளிக்கூடம்.”

“ஆறு வருஷத்துல எல்லாரும் மாறுனா அதே பள்ளிக்கூடம், ஒரே நாள்ல மாறுனா வேற. அப்ப ஒரு வருஷத்துல மாறுனா?”

தே தாரேக் ஆறிப்போயிருந்தது.