வினையென்னும் சொல்

துன்பமுற்றார் ஒருவரைக் கண்டவிடத்து, ‘எல்லாம் வினைப்பயன்’ என்று கூறி அப்பாற் செல்லாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. கற்றாரும் கல்லாதாரும், நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஒருபடித்தாக வழங்கும் சொற்களுள் இஃது ஒன்று. பலகாலும் நாவிற் புரண்டமையின் இதன் பொருள் தேய்ந்து, இதற்கும் வெறும் பெருமூச்சிற்கும் வேறுபாடு இன்றாயிற்று. தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் எமக்கோ இதனை இங்ஙனம் கழித்துவிடுதல் இயலாது. குறளை விரிப்பினும், சிலம்பை விரிப்பினும், மேகலையை விரிப்பினும் வினை வந்து முன்னிற்கின்றது. எம் சமயம் மறுபிறப்பை உடன்படுவதன்று; ஆதலின் இக்கொள்கைக்கு வழக்குரைப்பாராக யாம் ஈண்டுப் புகுந்திலேம். இக்கொள்கையை உயிரினும் சிறந்ததாகக் கொண்ட நம் புலவர்கள் அதனை எங்ஙனம் கையாண்டனர் என்று காண்டலே எம் கருத்து. அங்ஙனம் காண விழைந்ததற்கும் ஒரு காரணம் உண்டு.

சென்ற விடுமுறையில் எம் வகுப்புத் தோழர் ஒருவரின் தமக்கையார் தம் கணவரை இழந்தார். அவ்வம்மையார்க்கு வயது இருபத்திரண்டே. இடுப்பில் ஒரு குழந்தை. துக்கம் விசாரிக்கச் சென்ற யாம் திண்ணையில் அமர்ந்திருந்தோம். உள்ளேயிருந்து உறவின் முதியவள் ஒருத்தியின் குரல் எழுந்தது: ‘போன பிறவியில் எவள் தாலியை அறுத்தாளோ!’ அவ்வம்மையார் கேட்கவே சொல்லப்பட்ட சொல் அது. தோழர் தலைகுனிந்தார். எமக்குச் சினம் மூண்டது. சினத்தோடு சிறிது செருக்கும் மூண்டது என்பதை மறைத்தற்கில்லை. எம்மவர் எவரும் இங்ஙனம் கூறார் என்று உள்ளத்துள் எண்ணிக்கொண்டோம்.

அச்செருக்கு இரண்டு திங்கள் நிலைத்தது. எம் ஊரில், காய்ச்சலுக்குத் தன் மகவைப் பறிகொடுத்த தாய் ஒருத்தியிடம், சபையாருள் பெரியவர் ஒருவர், ‘வீட்டில் ஜெபம் குறைந்தால் இப்படித்தான்’ என்று ஆறுதல் உரைத்தார். மறுபிறப்பு என்னும் சொல் ஒன்றே அங்கு இல்லை, மற்றெல்லாம் இருந்தன. யாமும் அருகிருந்தோம், வாய் திறந்திலேம்.

யோபுவின் சரித்திரத்தை அன்றிரவு எடுத்துப் படித்தோம். அவன் நண்பர் மூவர் ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாது அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர் செய்ததனைத்தும் நன்றே. வாய் திறந்த பின்னரே, குற்றமில்லாதானுக்குத் துன்பம் வாராதென்னும் தருக்கத்தால் அவனை வாட்டினர். முடிவில் கடவுளின் சினத்திற்கு இலக்கானவர் யோபு அல்லர், அந்நண்பரே. பிறவிக்குருடன் ஒருவனைக் கண்டு, இவன் குருடனாய்ப் பிறந்தது எவர் செய்த பாவத்தால் என்று சீடர் வினவியதும், அவன் செய்ததுமன்று, அவனைப் பெற்றார் செய்ததுமன்று என்னும் கருத்துப்பட ஆண்டவர் விடையிறுத்ததும் யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் உள்ளன. ஆக, துன்புறுவானுடைய கணக்கைத் துருவிப் பார்க்கும் வேட்கை ஒரு சமயத்தார்க்கே உரியதன்று. இது தெளிவாயிற்று. ஆயின் வினைக்கொள்கை அவ்வேட்கைக்கு இடந்தருகின்றதா, அன்றி அக்கொள்கையை நாம் பிறழக் கொள்கின்றோமா என்பது மட்டும் எம்மை விடவில்லை.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். வினை என்பது செயல். இலக்கணத்தில் பெயர்ச்சொல்லினின்றும் வேறுபட்டு, வேற்றுமை உருபை ஏலாது, காலத்தைக் காட்டி நிற்பது வினைச்சொல் என்பதைத் தொல்காப்பியம் பயின்றார் அறிவர். காலம் காட்டுதலே வினையின் இயல்பு. சைவ சித்தாந்திகள் வினையை மூன்றாக வகுத்திருத்தலும் இதனோடு ஒத்துப்போகின்றது. பல பிறவிகளில் ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம். அதனுள் இப்பிறவியில் நுகர்தற்கென எடுத்துக்கொண்ட பகுதி பிராரத்தம். அதனை நுகருங்கால் புதிதாக நாம் ஈட்டிக்கொள்வது ஆகாமியம். முன்னையது நம் கண்ணிற்கு எட்டாது. இடையது வந்து பொருந்திவிட்டது. மூன்றாவது ஒன்றே நம் கையில் இருப்பது. (வினைத்தொகை என்பது மூன்று காலமும் கரந்து நிற்பதாதலின், மனிதனை ஒரு வினைத்தொகை என்னலாம் என்று எம் வகுப்பில் ஒரு நண்பர் கூறினார். தேர்வில் இதனை எழுதினால் மதிப்பெண் கிட்டுமோ அறியோம்.)

சமணர் வினையை வேறுவகையாகக் கண்டனர். அவர்க்கு வினை என்பது உயிரின்மேல் வந்து படியும் நுண்ணிய பொருள், அஃது எண்வகைப்படும், தவத்தால் உதிர்க்கப்படும். பௌத்தரோ, எண்ணிச் செய்வதே வினை என்று கருத்திற்கு முதன்மை கொடுத்தனர். ஆசீவகர் மட்டும் எல்லாம் நியதியின் வழியே நடக்குமென்றும் முயற்சியால் ஆவது ஒன்றில்லையென்றும் கொண்டனர். இவருள் எவர் கொள்கை வலிது என்று தீர்த்தல் எம் சிற்றறிவிற்கு அப்பாற்பட்டது. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. ஆசீவகரை ஒழித்து ஏனையோர் யாவரும், வினையை வினை செய்தற்குரிய காரணமாகக் கொண்டனரே அன்றி, வாளாவிருத்தற்குரிய காரணமாகக் கொண்டாரல்லர். ‘வினைப்பயன்’ என்று கூறிக் கை கட்டியிருப்பவர் தம்மைச் சைவர் என்றோ வைணவர் என்றோ எண்ணிக்கொள்ளினும், அவ்வளவில் ஆசீவகர் மாணாக்கரே ஆவர்!

இனித் திருக்குறள். அறத்துப்பாலின் இறுதியில் முப்பத்தெட்டாம் அதிகாரமாக ஊழ் நிற்கின்றது. ஊழினும் வலியது பிறிதில்லை என்று ஆண்டு முடிக்கும் வள்ளுவர், அறுபத்திரண்டாம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையின் இறுதியில், சோர்வின்றி முயல்வார் அவ்வூழையும் புறங்காண்பர் என்கின்றார். இம்முரணைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர், யாம் விரிக்கவில்லை. எம்மைப் பெரிதும் வருத்தியது வேறொரு பா. நான்காம் அதிகாரமாகிய அறன்வலியுறுத்தலில், பல்லக்குச் சுமப்பானையும் அதன்மேல் இவர்ந்து செல்வானையும் ஒருசேரக் காட்டும் ஏழாம் குறள் அது.

பரிமேலழகர் இதற்குக் கூறும் கருத்து யாதெனின், அறத்தின் பயன் இதுவென நூல்கொண்டு உணர்த்துதல் வேண்டுவதின்று, சுமப்பானையும் ஊர்வானையும் காண்டலானே அது விளங்கும் என்பது. மேலிருப்பவன் முன்பு அறம் செய்தவன், கீழே சுமப்பவன் செய்யாதவன் என்று கொள்ளவே இவ்வுரை இடந்தரும். பிற்காலத்தார் சிலர் இதனை மறுத்து, அவ்விருவரிடத்தும் சென்று அறத்தின் நெறி இதுவென்று சொல்லற்க என விலக்காகப் பொருள் கொள்வர். ‘வேண்டா’ என்னும் ஒரு சொல், ‘தேவையில்லை’ எனவும் ‘கூடாது’ எனவும் இருபாற்பட நிற்றலே இவ்வேறுபாட்டிற்கு வாயில். எம் உள்ளம் பின்னவர் உரையையே விரும்புகின்றது. ஆயின் உள்ளம் விரும்பியதொன்றே காரணமாக ஓர் உரை மெய்யுரை ஆகிவிடாது. அறத்தின் பயனை வற்புறுத்தும் அவ்வதிகாரத்தின் போக்கிற்குப் பரிமேலழகர் உரையே இயைந்து நிற்கின்றது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

நெடுநாள் இவ்விடத்தே நின்றோம். வழி காட்டியவரும் பரிமேலழகரே! ஆள்வினையுடைமையின் எட்டாம் குறளில், பொறியின்மை எவர்க்கும் பழியாகாது, அறிய வேண்டுவனவற்றை அறிந்து முயலாமையே பழி என்று வள்ளுவர் கூறுகின்றார். பொறி என்பதை உறுப்பென்று கொண்டு, உறுப்புக் குறைதல் பழியன்று எனப் பொருள் கூறுவாரும் உளர். பரிமேலழகர் அதனை விதி என்று கொண்டார். அவர் உரைப்படி, பயன் தரும் விதி இல்லாமை ஒருவனுக்குப் பழியன்று. எனவே பல்லக்குச் சுமப்பவனுடைய நிலை முன்வினையால் வந்ததென்றே கொள்ளினும், அதுபற்றி அவனைப் பழித்தற்கு அதே உரைகாரர் நமக்கு உரிமை தந்திலர். அத்திண்ணையில் யாம் கேட்ட குரலுக்குத் திருக்குறளில் சான்று இல்லை என்று இதனால் துணிந்தோம்.

காப்பியங்களுக்கு வருவோம். ஊழ்வினை உருக்கொண்டு வந்து தன் பயனை ஊட்டும் என்பதை நிறுவவே எழுந்த நூல் சிலப்பதிகாரம். கோவலன் கொலையுண்டதற்குரிய முற்பிறப்புக் காரணத்தை இளங்கோவடிகள் கட்டுரை காதையிற் கூறுகின்றார். கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்னும் பெயரோடு அரசன் பணியில் இருந்த அவன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் தெருவெல்லாம் அரற்றித் திரிந்து, பின் மலையேறி உயிர்விடுங்கால், எமக்கு இத்துன்பம் செய்தாரும் இதனையே அடைக என்று சபித்தாள். இக்கணக்கில் குறை ஒன்றும் இல்லை. ஆயின் அடிகள் இதனை எங்கே வைத்தார் என்று நோக்குக. வழக்குரை காதைக்குப் பின்னர், மதுரை எரியுண்ட பின்னர், மதுராபதித் தெய்வத்தின் வாயில் வைத்தார். பாண்டியன் அவைக்களத்தில், ஊழ்வினை துரப்ப மதுரை புகுந்ததாகக் கண்ணகியே கூறினாள்; பாண்டியனோ வினை என்னும் பேச்சை எடுத்திலன். ‘நின் கணவன் இறந்தது அவன் ஊழ்’ என்று கண்ணகியிடம் பாண்டியன் கூறியிருக்கலாம். அடிகளின் கொள்கைப்படி அஃது உண்மையுங்கூட. அவன் அங்ஙனம் கூறவில்லை. உடைந்த சிலம்பிற் சிதறிய மாணிக்கத்தைக் கண்டவளவில், குற்றம் தன்னுடையது என்று ஏற்று வீழ்ந்து உயிர் நீத்தான். கோவலன் வினை கோவலனைத் தேடி வந்ததாயினும், ஆராயாது தண்டித்த பிழை பாண்டியன் பிழையே. ஒருவன் வினை மற்றொருவன் செயலுக்குச் சாக்கு ஆவதில்லை என்று இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

மணிமேகலையில் இது மேலும் விளங்குகின்றது. மணிபல்லவத் தீவில் மணிமேகலை தன் முற்பிறப்பை உணர்கின்றாள். உதயகுமரனே அப்பிறப்பில் தன் கணவன் இராகுலன் என்பதையும் அறிகின்றாள். அவன் வாளுக்கு இரையாவதற்குக் காரணம் யாது? இராகுலனாய் இருந்தபோது, உணவுக் கலத்தோடு கால் இடறி வீழ்ந்த சமையற்காரனைச் சினந்து வாளால் வெட்டினான். இதனைப் படித்தபோது எமக்கு எம் விடுதி நினைவிற்கு வந்தது. சாம்பார் வாளியைக் கைதவறவிட்ட பரிமாறுவோரை, எம் சட்டையிற் பட்ட இரண்டு துளிக்காக யாம் வைத வசை நினைவிற்கு வந்தது. எம்மிடம் வாள் இல்லை, அவ்வளவே வேறுபாடு. வினையை அறிந்து வாழ்தல் என்பது யாதென வினவுவார்க்கு யாம் காட்டத்தக்க இடம் இத்தகையதே: சினம் எழுவதற்கும் நாக்குப் புரள்வதற்கும் நடுவே உள்ள அச்சிறு வெளி. முற்பிறப்பை ஆராய்ந்து அறிய எம்மால் இயலாது. அவ்வெளியில் சிறிது நிற்றல் இயலும். அடுத்த திங்கள் யாம் நின்றதும் உண்டு, தவறியதும் உண்டு.

தன் பழம்பிறப்பை அறிந்த மணிமேகலை அதன்பின் செய்தது என்ன? கோமுகிப் பொய்கையில் அமுதசுரபியைப் பெற்று, ஆதிரையின் கையால் முதற்பிச்சை ஏற்று, பசித்தாரைத் தேடிச் சென்றாள். காயசண்டிகை என்பாளை யானைத்தீ என்னும் பெரும்பசி பற்றியிருந்தது. அதன் காரணம் ஒளிவுமறைவானதன்று: விருச்சிக முனிவன் உண்ணவிருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்தமையின் அவன் பன்னீராண்டுப் பசியைச் சாபமாக இட்டான். தவறு அவளுடையது, காரணமும் தெரியும், தண்டனைக் காலமும் தெரியும். எனினும் மணிமேகலை உணவளித்தாள், பசி தீர்ந்தது. பின்னர்ச் சிறைக்கோட்டத்துட் புகுந்து ஆண்டிருந்தார்க்கும் அளித்து, அதனை அறக்கோட்டமாக மாற்றுவித்தாள். சிறையில் இருந்தார் எக்குற்றம் செய்து ஆண்டுப் புகுந்தனர் என்று அவள் எவரையும் வினவியதாகச் சாத்தனார் பாடவில்லை. வினைக்கொள்கையை ஐயமின்றி நம்பியவர் அவர் என்பதை ஈண்டு நினைத்தல் வேண்டும்.

கணியன் பூங்குன்றனாரும் இவ்வழியினரே. ஆற்றுநீர் இழுத்துச்செல்லும் தெப்பம்போல உயிர் முறையின் வழிச் செல்லும் என்று கண்ட அவர், ஆதலின் பெரியோரை வியத்தலும் இலம், சிறியோரை இகழ்தல் அதனினும் இலம் என்னும் முடிவிற்கு வந்தார். சிறியோர் தம் வினையால் சிறியோராயினர் என்று அவர் இகழ்ந்திருத்தல் கூடும். அதே முதற்கோளிலிருந்து நேர்மாறான முடிவை அவர் கண்டது எமக்கு இன்றும் வியப்பாகவே உள்ளது.

இவற்றையெல்லாம் குறிப்பெடுத்து முடித்தபின், தோழரோடு மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். அமுதசுரபி எம்மிடம் இல்லை. அரை டஜன் வாழைப்பழமே கொண்டுசென்றோம். வள்ளுவரைப் பற்றியோ இளங்கோவடிகளைப் பற்றியோ ஆண்டு ஒன்றும் பேசவில்லை. முதியவள் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். எம்மைக் கண்டு, ‘சாப்பிட்டுப் போங்கள்’ என்றாள். அவளும் இளமையில் கணவனை இழந்தவள் என்றும், அக்காலத்தில் அவளுக்கும் இச்சொல்லே சொல்லப்பட்டிருக்கும் என்றும் திரும்பும் வழியில் தோழர் கூறினார். அக்காள் கேட்டது ஒன்றே: ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்பது. அடுத்த கிழமை அதனை வாங்கி அனுப்பினோம்.