நெளிதாளின் பலம்

வீடு மாற்றும் தேதி முடிவானதும் முதலில் தேடுவது அட்டைப்பெட்டிகளைத்தான். மளிகைக்கடையில் சோப்பு வந்த பெட்டி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பெட்டி, பரணில் கிடக்கும் மிக்ஸி பெட்டி என்று கிடைத்ததையெல்லாம் சேர்க்கிறோம். கைக்கு வந்ததை அதில் போட்டு டேப் ஒட்டி லாரியில் ஏற்றிவிடுகிறோம். இறக்கும்போது அடியில் இருந்த பெட்டி நசுங்கி, உள்ளே தட்டுகள் உடைந்திருந்தால், பெட்டி சரியில்லை என்கிறோம். பெரும்பாலும் பெட்டி சரியாகத்தான் இருந்திருக்கும். அது எந்தப் பக்கமாகச் சுமை தாங்கும், எங்கே தாங்காது என்பது தெரிந்திருந்தால் தட்டுகள் தப்பியிருக்கும். வீடு மாற்றுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

பழைய பெட்டி ஒன்றின் மூடியிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். இரண்டு தட்டையான தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஓடும். மூன்று தாள் இருப்பதால் இதை 3 பிளை என்பார்கள். 5 பிளை அட்டையில் இரண்டு அலைத்தாள்கள் இருக்கும். இப்போது அந்தத் துண்டை அலைகள் ஓடும் திசைக்கு இணையாக மடித்தால் சட்டென்று மடியும். குறுக்கே மடிக்கப் பார்த்தால் முரண்டு பிடிக்கும். அலையின் ஒவ்வொரு முகடும் தட்டைத்தாளோடு ஒட்டியிருப்பதால் அலை விரிந்துபோக முடியாது. தட்டைத்தாளும் வளைய முடியாது. பெட்டியை நிமிர்த்தி வைக்கும்போது சுவருக்குள் இந்த அலைகள் வரிசையாக நிற்கும் தூண்களைப் போல மேலிருக்கும் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. பக்கவாட்டில் சாய்த்தால் தூண்கள் படுத்துவிடும். பெட்டியில் அச்சடித்திருக்கும் மேல்நோக்கிய அம்புக்குறி, உள்ளே இருக்கும் சாமானுக்காக மட்டுமல்ல, பெட்டிக்காகவும்தான்.

நெளிதாள் எனப்படும் இந்த அலைத்தாள் பிறந்தது பெட்டிக்காக அல்ல. 1856இல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்ற இருவர், ஆண்கள் அணியும் உயரத் தொப்பியின் உட்புறத்தில் வைப்பதற்காக மடிப்புத் தாளுக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1871இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ், கண்ணாடிப் பாட்டில்களைச் சுற்றி அனுப்ப நெளிதாளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய தாள் இழுத்தால் நீண்டுவிடும். 1874இல் ஆலிவர் லாங் அதன்மேல் தட்டைத்தாளை ஒட்டினார். அலை தன் இடத்தில் நின்றது; இன்றைய அட்டையின் அடிப்படை அங்கே முடிவாகிவிட்டது.

அட்டை பெட்டியாவதற்கு இன்னொன்றும் தேவைப்பட்டது. 1879இல் புரூக்ளினில் காகிதப்பை தயாரித்துக்கொண்டிருந்த ராபர்ட் கேர் என்பவரின் ஆலையில், மடிப்புக்கோடு பதிக்க வேண்டிய உலோகப் பட்டை இடம் மாறிப் பைகளை வெட்டிவிட்டது. வீணான பைகளைப் பார்த்த கேர், வெட்டுவதையும் மடிப்புப் பதிப்பதையும் ஒரே அழுத்தலில் முடிக்கலாம் என்று புரிந்துகொண்டார். பெட்டியைத் தட்டையாகவே அனுப்பி, வேண்டிய இடத்தில் மடித்து நிமிர்த்திக்கொள்ளும் வழி அப்படித்தான் வந்தது. ஆனாலும் அமெரிக்க ரயில் நிறுவனங்கள் மரப்பெட்டியையே விரும்பின. காகிதப் பெட்டிக்குக் கூடுதல் கட்டணம் கேட்டன. அந்தப் பாகுபாடு செல்லாது என்று 1914இல் அங்கே தீர்ப்பு வந்த பிறகு மரப்பெட்டியின் இடத்தை அட்டைப்பெட்டி பிடித்தது.

பெட்டி எவ்வளவு தாங்கும் என்பதைக் கணக்கிட 1963இல் மெக்கீ என்ற ஆய்வாளர் ஒரு சூத்திரம் தந்தார். அட்டையை நிமிர்த்தி ஓரத்தில் அழுத்தும்போது அது எவ்வளவு தாங்குகிறதோ, அந்த வலிமை இரண்டு மடங்கானால் பெட்டியின் வலிமையும் இரண்டு மடங்காகும். தடிமனை மட்டும் இரண்டு மடங்காக்கினால் சுமார் 40 சதவீதம்தான் கூடும். ஆகவே பெட்டி தடியாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, ஓரம் விறைப்பாக இருக்கிறதா, அலை நசுங்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம். சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் அந்த இடத்தில் அலை செத்துவிட்டது. அந்தப் பெட்டிக்குத் துணிமணி போதும்.

பாரம் ஏறும்போது சுவரின் நடுப்பகுதி வெளியே புடைக்கும். சுமையின் பெரும்பகுதி நான்கு மூலைகளுக்குப் போய்விடும். அதனால் ஒரே அளவுப் பெட்டிகளை மூலைக்கு மேல் மூலை வருமாறு நேராக அடுக்க வேண்டும். செங்கல் சுவர் கட்டுவதுபோல மாற்றி மாற்றி வைத்தால், மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் வலுவில்லாத நடுவில் உட்காரும். பெட்டி பாதி காலியாக இருந்தால் மூடி உள்ளே அமுங்கும். பிதுங்கப் பிதுங்கத் திணித்தால் சுவர் முன்கூட்டியே புடைத்துவிடும். இடைவெளியைப் பழைய துண்டு, போர்வை வைத்து நிரப்பி, மூடி சமமாக மூடும் அளவோடு நிறுத்துங்கள். புத்தகங்களுக்குச் சின்னப் பெட்டி, தலையணைக்குப் பெரிய பெட்டி. தட்டுகளைப் படுக்கவைக்காமல் ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். குலுங்கும்போது ஒன்றின் பாரம் இன்னொன்றின்மேல் விழாது. அடிப்பக்க மூடிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகியதோடு விட்டுவிடாமல், நடு இணைப்பிலும் இரு ஓரங்களிலும் டேப் ஒட்டுங்கள்.

கண்ணாடிச் சாமானுக்குச் சுற்றும் பபிள் ரேப்புக்கும் ஒரு கதை உண்டு. 1957இல் நியூஜெர்சியில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங்கும் மார்க் ஷவானும் சுவரில் ஒட்டும் புதுவிதத் தாள் செய்யப்போய், இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே காற்றுக் குமிழ்களை அடைத்தார்கள். சுவர்த்தாளாக அது விலைபோகவில்லை. ஐபிஎம் நிறுவனம் தன் 1401 கணினிகளை அதில் பொதிந்து அனுப்பத் தொடங்கியதும் அதற்கு வாழ்வு வந்தது. அட்டையில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அலை; குமிழ்த்தாளில் உள்ளே அடைபட்ட காற்று.

அட்டைக்குப் பெரிய எதிரி ஈரம். காகித நார் தண்ணீரை உறிஞ்சும். ஸ்டார்ச் பசை இளகும். அலை தட்டைத்தாளை விட்டு விலகும். மழைக்காலத்தில் வீடு மாற்றுவதாக இருந்தால் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்; லாரிக்குத் தார்ப்பாய் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சாமான்களைப் பிரித்து வைத்ததும் பெட்டியைக் கிழித்து எறியாதீர்கள். டேப்பை மட்டும் அறுத்து, மடிப்புக்கோட்டிலேயே மடித்துத் தட்டையாக்கிக் கட்டிவையுங்கள். நனையாத, நசுங்காத பெட்டி இன்னொரு குடும்பம் வீடு மாற்றவும் உதவும். அதற்கும் ஆகாத நாளில் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்தால் கூழாகி மறுபடி தாளாகும்.