விருந்தினர்க்கு ஒரு நுழைவுச் சீட்டு

யாழ்ப்பாணத்துப் பழைய மனைகளின் வாயிலிலே சங்கடப்படலை என்றோர் அமைப்பு இருந்தமையை உங்களிற் பலர் அறிவீர்கள். படலைக்கு மேலே ஒரு சிறு கூரை. வழிப்போக்கர் அமர ஓர் இருக்கை. அருந்தத் தண்ணீர்ப் பானை. வந்தவர் இளைப்பாறலாம், தாகந் தீர்க்கலாம். அதற்காக வீட்டின் உள்ளறைக்குள் அவர் புகவேண்டியதில்லை. உபசாரமும் காவலும் ஒருங்கே அமைந்த ஏற்பாடு அது. இன்று வருகின்ற விருந்தினர் முதலிற் கேட்பது பெரும்பாலும் தண்ணீரன்று, இணையத் தொடர்பேயாம். அதனை எவ்வாறு வழங்குவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அதிபராயுள்ள பாடசாலைக்குக் கருத்தரங்கொன்றின் பொருட்டு வந்த ஆசிரியர்களுக்காக, அலுவலக வை-பையின் கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதினோம். கூட்டம் முடிந்தது; எழுத்தை அழித்தோம்; சொல்லை மாற்ற மறந்தோம். ஒரு வாரத்துள் மேல்வகுப்பு மாணவர் பலரிடம் அச்சொல் இருந்தது. மாணவரின் புள்ளிகளும் பெற்றாரின் முகவரிகளும் அடங்கிய கணினியோ அதே வலையமைப்பில் இருந்தது. தீங்கு எதுவும் நேரவில்லை. ஆயினும் தவறு மாணவருடையதன்று, எம்முடையதே.

ஆகவே, முதற்கண் செய்யத்தக்கது யாது? விருந்தினர்க்கெனத் தனி வலையமைப்பொன்றை நிறுவுதல். இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் இவ்வசதி உண்டு. அதற்குத் தனிப்பெயரும் தனிக் கடவுச்சொல்லும் இட வேண்டும். அதில் இணைவோர் இணையத்தை அடைவரேயன்றி, எமது கணினிகளையும் அச்சுப்பொறிகளையும் அடையாதவாறு பிரித்துவைத்தலும் வேண்டும். இதுவே நமது புதிய சங்கடப்படலை.

அடுத்தது, கடவுச்சொல்லைக் கையளிக்கும் முறை. 2012ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் ஐபோனில் பாஸ்புக் என்னும் செயலியை அறிமுகஞ் செய்தது. 2015இல் அது வொலட், அதாவது பணப்பை, எனப் பெயர் மாறிற்று. கூகுள் நிறுவனத்துக்கும் அத்தகைய பணப்பை உண்டு. விமானச் சீட்டையும் நிகழ்ச்சிச் சீட்டையும் வைத்திருக்கும் இப்பணப்பையில், வை-பைச் சீட்டொன்றையும் வைக்கலாம். சீட்டின் முகத்தில் வலையமைப்பின் பெயரும், கியூஆர் குறியீடும் இருக்கும். இக்குறியீடு 1994இல் யப்பானின் டென்சோ நிறுவனத்தில் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கிடுதற்பொருட்டு ஆக்கப்பட்டது. வலையமைப்பின் பெயர், பாதுகாப்பு வகை, கடவுச்சொல் ஆகிய மூன்றையும் குறித்த ஒழுங்கில் அதனுள் எழுதிவிட்டால், விருந்தினரின் கைத்தொலைபேசி அதனைப் படித்து, ஓர் எழுத்தும் தட்டச்சிடாமல் இணைந்துகொள்ளும். ஐபோனின் படக்கருவி 2017 முதல் இதனைச் செய்கின்றது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தன் முகத்தைத் தானே காணமாட்டாத கண்ணைப்போல, ஒரு தொலைபேசி தன் திரையிலுள்ள குறியீட்டைத் தன் படக்கருவியாற் படித்தல் இயலாது. ஆதலால், சீட்டு வீட்டுக்காரரிடம் இருந்து, அவர் அதனைக் காட்ட, விருந்தினர் படித்தலே இயல்பான முறை. சீட்டை விருந்தினருக்கே அனுப்புவதாயின், கடவுச்சொல்லை எழுத்திலும் அதில் பொறித்தல் வேண்டும்.

சீட்டைப் போலியாக மாற்றிவிட முடியாதா என நீங்கள் வினவலாம். அப்பிள் சீட்டு என்பது சில கோப்புகளின் கட்டு. ஒவ்வொரு கோப்புக்கும் கணித முறையாற் பெறப்பட்ட சுருக்க அடையாளம் ஒரு பட்டியலில் இடம்பெறும். அப்பட்டியலின்மீது, அப்பிள் வழங்கிய சான்றிதழ் கொண்டு இலத்திரனியல் ஒப்பம் இடப்படும். ஓரெழுத்து மாறினும் அடையாளம் பொருந்தாது. தொலைபேசி சீட்டை ஏற்காது. சான்றிதழ் இல்லாதோர் சீட்டு ஆக்கித்தரும் சேவைகளை நாடுகின்றனர். அங்கே கடவுச்சொல்லைப் பிறர் கையில் ஒப்படைக்கின்றோம் என்பதை மறத்தலாகாது. விருந்தினர் கடவுச்சொல்லையன்றி வேறெதனையும் அங்கே கொடுத்தல் தகாது.

இனி, பலரும் மயங்கும் இடமொன்று உண்டு. சீட்டுக்கு முடிவுத் திகதி குறிக்கலாம். அந்நாள் கடந்ததும் அது காலாவதியானதாகக் காட்டப்படும். ஆனால், சீட்டு காலாவதியாதல் வேறு, கதவு சாத்தப்படுதல் வேறு. ஒருமுறை இணைந்த தொலைபேசி கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்கும். சீட்டைப் பிறருக்கு அனுப்புதலைத் தடுக்கலாமெனினும், குறியீட்டைப் படம்பிடிப்பதைத் தடுத்தல் அரிது. குறியீட்டில் இருப்பது மறைபொருளன்று, எவரும் படிக்கத்தக்க எழுத்தே. எனவே ரவுட்டரில் கடவுச்சொல்லை மாற்றினாலன்றி அனுமதி முடிவுறாது. சொல்லை மாற்றினால் சீட்டையும் புதுப்பிக்க வேண்டும். இணையச் சேவையொன்றோடு பிணைக்கப்பட்ட சீட்டாயின், வழங்கியவர் அனுப்பும் மாற்றத்தை அது தானே ஏற்கும். அன்றேல் புதிய சீட்டு ஆக்குதலே வழி.

எமது பாடசாலையில் இன்று விருந்தினர் வலையமைப்பு தனியே உள்ளது. கூட்டம் முடிந்த மாலையில் அதன் கடவுச்சொல்லை மாற்றுதல், மண்டபத்தின் கதவைப் பூட்டுவதுபோல் ஒரு கடமையாகிவிட்டது. வந்தவரை முகமலர்ந்து வரவேற்பது பண்பு. நம்மை நம்பிப் பெற்றார் ஒப்படைத்த விபரங்களைக் காப்பது அதனினுங் குறைந்த பண்பன்று. இரண்டையும் ஒருங்கே செய்ய இயலுமென்பதைத் தண்ணீர்ப் பானையை வாயிலில் வைத்த நம் முன்னோர் அறிந்திருந்தனர்.