ஏழைகள் ஈடாக வைத்தது என்ன?

கையில் காசில்லாத பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்தால் அங்கே காசு முளைத்துவிடாது. பூஜ்யத்தைப் பத்து முறை கூட்டினாலும் பூஜ்யம்தான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் வாழ்ந்த சிறு விவசாயிகள் இந்தக் கணக்கைப் பொய்யாக்கினார்கள். தனியாகப் போனால் எந்த வங்கியும் படியேற விடாதவர்களுக்கு, சேர்ந்து போனபோது நியாயமான வட்டிக்குக் கடன் கிடைத்தது. அவர்களுடைய நிலம் ஒரு சாண்கூடக் கூடவில்லை. பிறகு என்னதான் கூடியது?

1845இல் வெயர்புஷ் என்ற ஊரின் மேயராக ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன் பொறுப்பேற்றார். வயது முப்பதைத் தொடவில்லை. கண்நோயால் ராணுவ வேலையை விட்டு வந்தவர். அடுத்த ஆண்டே விளைச்சல் பொய்த்தது. உருளைக்கிழங்கு நோய் தாக்கி அழுகியது. அரசு மாவு அனுப்பியது, ரொக்கத்துக்குத்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ரொக்கம் இருப்பவர்கள் ஏன் பட்டினி கிடக்கப்போகிறார்கள்? ரைஃபைசன் நிபந்தனையை மீறினார். வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி, ஊருக்குப் பொதுவாக ஓர் அடுப்பு கட்டி, ரொட்டி சுட்டுக் கடனுக்குக் கொடுத்தார்.

பஞ்சம் போனது, கடன் போகவில்லை. அந்த மலையூர்களில் மாடு வாங்கப் பணமில்லாதவர்கள் வியாபாரியின் மாட்டை வாரத்துக்கு ஓட்டி வருவார்கள். தீனி போடுவது விவசாயி. கன்றிலும் லாபத்திலும் பெரும்பங்கு வியாபாரிக்கு. ஒரு மோசமான ஆண்டு வந்தால் மாடும் போகும், அதற்கு முன் வாங்கிய கடனுக்கு நிலமும் போகும். 1849இல் ஃப்ளாமர்ஸ்ஃபெல்ட் ஊரில் ரைஃபைசன் இதற்காக ஒரு சங்கம் தொடங்கினார். வசதியுள்ளவர்கள் ஜாமீன் நின்று கடன் வாங்கி, அதில் மாடு வாங்கி, ஏழைகளுக்குத் தவணையில் கொடுத்தார்கள். 1854இல் ஹெட்டெஸ்டார்ஃபிலும் அதே பாணியில் ஒரு தரும சங்கம் அமைந்தது.

இரண்டும் நல்ல எண்ணத்தில் பிறந்தவை. இரண்டிலும் ஒரே ஓட்டை இருந்தது: பணம் கொடுப்பவர்கள் ஒரு பக்கம், வாங்குபவர்கள் மறுபக்கம். கொடுப்பவர்களின் உற்சாகம் நாளாக ஆக வடிந்தது. வாங்கியவர்களுக்கோ சங்கம் யாருடையதோ என்ற எண்ணம் போகவில்லை. கருணையை மட்டும் நம்பிப் பத்தாண்டு ஓடுவது கடினம் என்பதை அவர் பட்டுத்தான் அறிந்தார். 1864இல் ஹெட்டெஸ்டார்ஃபில் கடன் சங்கத்தைத் தொடங்கியபோது விதியைத் தலைகீழாக்கினார். கடன் வாங்க வேண்டுமா, முதலில் உறுப்பினராகு. உறுப்பினரானால், சங்கத்தின் எல்லாக் கடனுக்கும் உன் சொத்து முழுவதும் பொறுப்பு.

இதை வரம்பற்ற பொறுப்பு என்பார்கள். கேட்டால் நடுக்கம் வரும். ஊரில் ஒருவர் கடனைக் கட்டாமல் போனால் என் பசுவுக்கும் ஆபத்து. இந்த நடுக்கத்தில்தான் அந்தச் சிறிய வங்கியின் இயந்திரமே ஓடுகிறது.

நகரத்திலிருந்து பணம் கொடுப்பவரின் இடத்திலிருந்து பாருங்கள். எந்த விவசாயி நாணயமானவர், எவர் குடிப்பவர், எவருடைய நிலத்தில் தண்ணீர் தேங்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் புறப்பட்டால், அதற்கு ஆகும் செலவு கடனையே விழுங்கிவிடும். ஆனால் இதெல்லாம் ஊருக்குத் தெரியும். வரம்பற்ற பொறுப்பு என்ற ஒரே விதி, இந்த இரு தரப்பையும் பிணைத்தது. ஊராரின் நிலமெல்லாம் மொத்தமாக ஈடாக நிற்பதால், வெளியாள் எவரையும் தனித்தனியே எடைபோட வேண்டியதில்லை. ஊராருக்கோ, தவறான ஆளை உள்ளே விட்டால் தம் தலையில் விடியும் என்பதால், தெரிந்ததை மறைக்க வழியில்லை. வழக்கமாகத் திண்ணைப் பேச்சில் கரைந்துபோகும் செய்தி இங்கே கடன் மதிப்பீடாக மாறியது.

மற்ற விதிகளும் இதற்குத் துணையாகப் பின்னப்பட்டவை. சங்கத்தின் எல்லை ஒரு திருச்சபைப் பங்கின் அளவுக்கு மிஞ்சக்கூடாது. அதற்கு மேல் போனால் ஒருவரையொருவர் அறிய முடியாது. கடன் எதற்கென்று சொல்லித்தான் வாங்க வேண்டும். மாடு வாங்குவதற்கென்று வாங்கினால் தொழுவத்தில் மாடு நிற்க வேண்டும். நிற்கிறதா என்பதைப் பார்க்க ஆய்வாளர் தேவையில்லை, அந்த வழியாகப் போகிற எவர் கண்ணிலும் படும். பணம் வேறு வழியில் போனால் சங்கம் கடனைத் திரும்பக் கேட்கலாம். கணக்கருக்கு மட்டுமே சம்பளம், நிர்வாகிகளுக்கு இல்லை. மிஞ்சும் லாபத்தைப் பங்கு பிரிக்காமல் பொது நிதியில் சேர்த்தார்கள். இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. லாபத்தில் பங்கு கிடையாது என்றால், பேராசையில் துணிந்து கடன் கொடுக்கும் தூண்டுதலே எழாது.

பொருளியல் இதை விளக்கும் மொழியைக் கண்டடைய நூறாண்டு ஆயிற்று. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சீர்குலைகிறது என்று ஜார்ஜ் அகெர்லோஃப் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் விற்பனைக்காகப் பேசப்படும் அந்தக் கட்டுரையில் இந்திய கிராமத்து வட்டிக்கடைக்காரரும் வருகிறார். அவர் கொள்ளை வட்டி வாங்க முடிவது ஏன்? கடன் கேட்பவரை அவருக்குத் தெரியும். வெளியூர்ப் பணக்காரருக்குத் தெரியாது. போட்டிக்கு வருபவர் ஆளறியாமல் கடன் கொடுத்து நொடித்துப் போவார். ஆக, வட்டிக்காரரின் மூலதனத்தில் பாதி அவருடைய பெட்டியில் இருந்தது, மறுபாதி அவருடைய தலையில் இருந்தது. ரைஃபைசன் சங்கம் அந்த மறுபாதியை ஊர்ப்பொதுவாக்கியது. அகெர்லோஃபுடன் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், கடன் வாங்கியவர்களே ஒருவரையொருவர் கண்காணிப்பது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தனியே ஆராய்ந்தவர்.

ஒன்றைக் கவனிக்காமல் விடமுடியாது. ஒரே ஊர் என்பது பலம். ஆலங்கட்டி மழை பெய்தால் அதுவே பலவீனம். எல்லோரும் ஒரே நாளில் நஷ்டப்படுவார்கள், எல்லோரும் ஒரே நாளில் சேமிப்பை எடுக்க வருவார்கள். இதனால்தான் 1872இல் நொய்வீட் நகரில் சங்கங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு மத்திய வங்கி எழுந்தது. ஓர் ஊரில் மிஞ்சிய பணம் இன்னோர் ஊரின் பற்றாக்குறையை ஈடுகட்டியது. அப்போது ரைஃபைசனுக்குக் கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. மூத்த மகள் அமாலியே அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தார். முதல் உலகப் போர் தொடங்குவதற்குள் ஜெர்மனியில் இத்தகைய கிராமச் சங்கங்கள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன.

அப்படியானால் விதிகளைப் பிரதி எடுத்தால் போதுமா? 1890களில் அயர்லாந்தில் எடுத்துப் பார்த்தார்கள், தழைக்கவில்லை. வரலாற்றுப் பொருளியலாளர் டிமதி கின்னேன் அந்தத் தோல்வியைத் துருவிப் பார்த்திருக்கிறார். கணக்குத் தணிக்கை பலவீனம். ஊராரின் சேமிப்பைவிட வெளியிலிருந்து வந்த பணமே அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, தவணை தவறிய பக்கத்து வீட்டுக்காரர் மீது நடவடிக்கை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள், அறிந்ததை வைத்து 'இல்லை' என்று சொல்ல முடியவில்லை.

நம் ஊர்க் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. 1892இல் சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் விவசாயக் கடன் பிரச்சினையை ஒப்படைத்தது. தாது வருடப் பஞ்சம் முடிந்து பதினைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஐரோப்பிய சங்கங்களையும் 'நிதி' எனப்படும் சென்னையின் உள்ளூர்ச் சேமிப்புச் சங்கங்களையும் ஆராய்ந்து, 1895லும் 1897லும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். சாரம் இதுதான்: நமக்கும் ஒரு ரைஃபைசன் வேண்டும். 1904 மார்ச்சில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கிராமச் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பு அதில் இருந்தது. அதே ஆண்டில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திரூரில், இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் ஊரில், விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று. இந்தச் சட்டத்தின்கீழ் நாட்டிலேயே முதலாவதாகப் பதிவான விவசாயக் கடன் சங்கங்களின் வரிசையில் அது நிற்கிறது.

அரை நூற்றாண்டு கழித்து ரிசர்வ் வங்கி நாடு முழுவதும் கிராமக் கடனை ஆராய்ந்தது. 1951-52இல் விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3.1 சதவீதம். பெரும்பகுதி அப்போதும் வட்டிக்காரர்களிடமிருந்தே வந்தது. இந்த எண் என்னை வருத்துகிறது, ஆனால் வியப்படைய வைக்கவில்லை. ஜெர்மனியில் ஊரார் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள். இங்கே பதிவாளர் அலுவலகம் ஊர் ஊராகச் சங்கம் அமைத்தது. அதைவிட ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. ஊர் வேறு, சேரி வேறு என்றிருந்த இடத்தில், சங்கத் தலைவரே நிலக்காரராகவும் சமயத்தில் வட்டிக்காரராகவும் இருந்த இடத்தில், 'நீங்கள் தவணை கட்டவில்லை' என்று யார் யாரிடம் சொல்வது? அண்டை அயலாரின் அறிவு வேலை செய்ய அவர்கள் ஓரளவாவது சமமானவர்களாக இருக்க வேண்டும். நிக்கல்சன் கொண்டுவந்த விதிப்புத்தகத்தில் இதற்கு விதி இல்லை.

பிறகு வரம்பற்ற பொறுப்பு மெல்ல மறைந்தது. அரசே பங்கு முதலீடு செய்தது. இன்று சொசைட்டிக்குப் போனால் பயிர்க்கடனோடு நகைக்கடனும் பெரிய வியாபாரம். தராசில் தங்கம் வைத்தால் ஆளைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவசரத்துக்கு அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அடகு வைக்க நகையில்லாதவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடே பிறந்தது.

அவர்களுக்கான வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பெண்களின் சுய உதவிக் குழுக்களைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. 1992இல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையில் இறங்கியது. பன்னிரண்டிலிருந்து இருபது பேர், ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே நிலை. ஒருத்தி ஆடு வாங்கக் கடன் கேட்டால், போன தடவை வாங்கிய பணத்துக்கு என்ன ஆயிற்று என்று இன்னொருத்தி முகத்துக்கு நேரே கேட்பாள். பதில் திருப்தியாக இல்லையென்றால், கடன் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.